பீர் அட்டை வாக்கெடுப்பு

ப்ர்னோவில் ட்ராம் திரும்பும் முனையில்
ராத்மிலாவின் மதுக்கடை.
குலாஷ் தட்டில் நாய்மயிர் கிடந்ததென்று
லுபோஷ் கத்திய மறுநாள்
வாக்கெடுப்பு வைத்தாள்.
நாய் வரலாமென்றால் பீர் அட்டையில் ஒரு கோடு,
கூடாதென்றால் வெற்று அட்டை.
பெயர் வேண்டாம்.

நான் பரிமாறுகிறவள்.
ஏழு வயதில் கடிபட்ட என் கெண்டைக்கால்
இன்னும் மேசைகளை எண்ணித்தான் நடக்கிறது.
எதன் அடியில் என்ன மூச்சு என்று
தட்டேந்திய கைக்கு முன்பே
அதற்குத் தெரியும்.
ஆனாலும் கோடு போட்டேன்.
போன ஜனவரியில் ஒருவன்
என் மணிக்கட்டைப் பிடித்து விடாதபோது
கடையில் உறுமியது ஒரே ஒரு ஜீவன்.

எண்ணினோம்.
கோடு பதினொன்று.
வெற்று பன்னிரண்டு.

எல்லோரும் லுபோஷைப் பார்த்தார்கள்.
குவியலில் தேடித் தன் அட்டையை எடுத்தான்:
கோணலாக ஒரு கோடு.
"மயிரைத்தான் சொன்னேன்.
ப்ரோக்கைச் சொல்லவில்லை."

மூலையில் ஓல்ட்ரிச் தொண்டையைச் செருமினார்,
ப்ரோக்கின் எசமானர்.
"வெற்றில் ஒன்று என்னுடையது.
தினமும் எட்டு மணியிலிருந்து
இது கதவையே பார்த்துக்கொண்டிருக்கும்.
பதினொரு வருஷம்.
ஒருத்தரும் இதைக் கேட்கவில்லை,
நான் உள்பட."

ராத்மிலா அட்டைகளை அடுக்கினாள், கலைத்தாள்,
மறுபடி அடுக்கினாள்.
நான் போய்க் கதவைத் திறந்து பிடித்தேன்.
பனி உள்ளே வந்தது.
ப்ரோக் எழுந்தது. வாசல்வரை நடந்தது.
திரும்பிப் பார்த்தது:
ஓல்ட்ரிச்சின் கிளாஸில் இன்னும் பாதி.
பெருமூச்சு விட்டு
என் ஷூவின் மேலேயே படுத்துக்கொண்டது.

கெண்டைக்கால் நடுங்கியது.
நகர்த்தவில்லை.