ராத்திரிக்கு மூன்றணா

காரைக்குடி, செக்காலை ரோடு,
மாடியில் ஆடிட்டர் அலுவலகம்.
மார்ச் மாதம். மின்விசிறிக்குப் பயந்து
ஒவ்வொரு தாள்கட்டின் மேலும் ஒரு கல்.

காளக்கா செருப்பை வெளியே விட்டுவிட்டு
நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.
கலெக்டருக்கு மனு எழுதியாயிற்று,
தொகை மட்டும் போடவேண்டும்.
"கணக்குன்னா உங்க ஆளுகதானே."

அவள் பாட்டன் ராக்கன்.
ரேகைச் சட்டத்தில் பேர் ஏறியவர்.
பொழுது சாய்ந்தால் ஸ்டேஷன் கொட்டடியில் படுக்கை,
விடிந்தால் மையில் விரலை உருட்டிவிட்டு வீடு.
திருடியதற்கு அல்ல,
அந்தக் குடிசையில் பிறந்ததற்கு.
இருபத்து மூன்றில் தொடங்கி
நாற்பத்தேழில் சட்டம் போகும்வரை
எட்டாயிரத்து எழுநூற்று அறுபது ராத்திரி என்றேன்.
"அறுபத்தாறு.
நாலு வருசத்துக்கு ஒருக்க பிப்ரவரியில ஒருநாள் கூடுமே,
அன்னைக்கும் போய்த்தானே படுத்தாரு."

உள்ளறையிலிருந்து ஆடிட்டர் கேட்டார்:
வெள்ளைக்காரன் போட்ட சட்டம்,
இப்போது இருக்கிறவன் ஏன் கொடுக்கணும்?
காளக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
"ஸ்டேஷன் கட்டடத்த மட்டும் வாங்கி வச்சுக்கிட்டாகளே."
சொத்தோடு கடனும் சேர்ந்துதான் வரும்.
இந்த ஊரில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும்.
நான் அதைச் சொல்லவில்லை. சம்பளம் அவர் கொடுப்பது.

ஒரு ராத்திரிக்கு என்ன விலை?
அன்றிரவு பெட்டகத்தைத் திறந்தேன்.
பாட்டையாவின் பேரேடு, ருத்ரோத்காரி வருஷம்,
பூச்சி அரித்தது போக மிச்சம்:
வாசல் காவல், ராத்திரிக்கு அணா மூன்று.
அதன் கீழேயே எங்கள் பெகு ஃபைல்.
பர்மாக்காரன் எடுத்துக்கொண்ட வயல்,
ஆயிரத்துச் சொச்சம் ஏக்கர்.
அப்பச்சி சாகும்வரை சித்திரைக்குச் சித்திரை
வட்டியை ஏற்றி அசலோடு சேர்த்துவந்தார்.
டெல்லியிலிருந்து வந்த கடிதம் எல்லாவற்றிலும்
பரிசீலனையில் உள்ளது.
ஃபைலின் அடியில் நான் இதுவரை பிரிக்காத ஒரு கட்டு.
மவுங் போ சின், கோ ட்வே, மா நியூன்…
நெல் விலை விழுந்த வருஷத்தில்
ஈட்டுக்கு எழுதி, மீட்க முடியாமல் போனவர்கள்.
நாங்கள் ஈடு கேட்கும் நிலம்
எங்களிடம் ஈடாக வந்த நிலம்.
கட்டை மறுபடி கட்டத் தெரியவில்லை,
முடிச்சு அப்பச்சி போட்டது.

மறுநாள் சொன்னேன்:
அசல் ஆயிரத்து அறுநூற்று நாற்பத்து மூன்று ரூபாய்,
பத்தணா.
காளக்கா நெடுநேரம் அந்தத் தொகையைப் பார்த்தாள்.
"இது காவக்காரன் சம்பளம்ல?
எங்க பாட்டன் காவலுக்குப் போகலையே,
காவல்ல கெடந்தாரு."

அவர் அங்கே கிடந்ததால்
எங்கள் வீடு தூங்கியது.
வேறு விலை எனக்குத் தெரியவில்லை என்றேன்.
பொய். விலையே இல்லை என்று தெரியும்,
ஆனால் கட்டத்தைக் காலியாக விட்டால்
மனுவைத் திருப்பிவிடுவார்கள்.

வட்டி? ஆறு சதம் போடுவோம், தள்ள மாட்டார்கள்.
"உங்க பர்மா வயலுக்கு எத்தன போட்டீக?"
ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஃபைல்தான் அது.
ஒன்பது.
"வட்டிக்கு வட்டியா?"
ஆமாம்.
"அதையே போடுங்க."

போட்டேன். கால்குலேட்டர் எந்தத் தயக்கமும் இல்லாமல்
ஒரு எண்ணைக் காட்டியது.
அது ராக்கனுடையது இல்லை என்று
எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.
எழுதிக்கொண்டோம்.

பிறகு அந்தப் பேரேட்டில் ஒரு பக்கம் நகல் கேட்டாள்,
மனுவோடு வைக்க.
ஜெராக்ஸ் கடையில் பச்சை வெளிச்சம்
பாட்டையாவின் கையெழுத்தின் அடியில்
ஒருமுறை போய்த் திரும்பியது.
இரண்டு ரூபாயை அவளே கொடுத்தாள்.

மை டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு
எழுத்து எழுத்தாகக் கையொப்பம் போட்டாள்.
கீழே, சாட்சி என்ற இடம்
இன்னும் வெறுமையாக இருந்தது.
பேனாவை மூடாமல்
கையில் வைத்திருந்தாள்.