இரண்டு இடம் காலி

போன வருடம் பதினெட்டுக் கல்லூரிகளிலிருந்து
பதினெட்டு விதமான 'இல்லை'.
ஒன்று என் பெயரைத் தப்பாக எழுதி
மிகவும் வருந்தியிருந்தது.
இந்த வருடம் மூன்று 'ஆம்'.
ஒன்று போதும் என்றுதானே கேட்டிருந்தேன்.

ஏப்ரல் முப்பது, இரவு பத்து மணி.
நியூ பெட்ஃபோர்டு துறைமுகத்தின் பின்புறம்
ஆம்புலன்ஸை நிறுத்திவிட்டு
வால்டெமார் சூப் குடிக்கிறான்.
"இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு, டெல்ஃபினா" என்கிறான்,
நெஞ்சுவலிக்காரரின் மனைவியிடம் பேசும் அதே குரலில்.
பன்னிரண்டுக்குள்
ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டை விட வேண்டும்.

மீன் ஏலச் சீட்டு ஒன்றின் பின்பக்கம்
கணக்குப் போட்டிருக்கிறேன்.
நியூயார்க்: மூன்றரை லட்சம் டாலர் கடன்.
வூஸ்டர்: அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே.
ஒமாஹா: கட்டணமே இல்லை.
அதற்கு நேரே 'கடலும் இல்லை' என்று எழுதி
அடித்திருக்கிறேன்.
அது கணக்கில் வராது.

மூன்று பேரும் எடுத்தது ஒரே ஆளைத்தானா?
நியூயார்க் எடுத்தது,
வரிக்குதிரை மீனின் இதயம் துடிப்பதை
இரண்டு கோடைகாலம் நுண்ணோக்கியில் பார்த்தவளை.
அங்கே சுற்றிக்காட்ட வந்த மாணவன்
லிஃப்டில் நின்றபடியே தூங்கினான்.
ஏழாவது மாடி வந்ததும் கண் திறக்காமல் சொன்னான்,
"இதைவிட நல்ல இடம் கிடையாது."
ஒமாஹா எடுத்தது ஒரு மதிப்பெண்ணை.
வூஸ்டர் எடுத்தது,
கட்டுரையில் நான் எழுதிய பெண்ணை.

அவளை எனக்குத் தெரியும். நான்தான் செய்தேன்.
படகிலிருந்து விரல் நசுங்கி இறங்குகிறவர்களிடம்
போர்த்துகீசிய மொழியில் வலியை விசாரிப்பவள்.
படித்து முடித்து இதே கரைக்குத் திரும்புவேன் என்று
ஐயாயிரத்து முந்நூறு எழுத்துக்குள்
சத்தியம் செய்தவள்.
பொய் இல்லை. எழுதும்போது அழுதேன்.

ஆனால் ஷிஃப்ட் முடிந்து
ஷூவைக் கழற்றாமல் படுக்கையில் விழுகிறவளுக்கு
அதில் ஒரு வரிகூட இல்லை.
இந்த ஊரின் மாடிப்படிகளைத் தோளால் அறிந்தவள்.
அல்மெய்டாவை நான்கு முறை தூக்கி இறக்கியவள்.
ஐந்தாவது முறைக்கு வேறு யாராவது வரட்டும் என்று
ஒரு மழைநாளில், படியின் திருப்பத்தில், நினைத்தவள்.
அவளுக்கு எந்தக் கல்லூரியும் கடிதம் போடவில்லை.

பத்து ஐம்பதுக்கு அழைப்பு.
யூனியன் தெரு, சமையல்காரர், உள்ளங்கையில் கத்தி.
"எத்தனை தையல் விழும், டாக்டர்?"
"நான் டாக்டர் இல்லை."
கண்ணாடியில் வால்டெமாரின் பற்கள் தெரிந்தன.

பதினொன்றே முக்காலுக்கு நியூயார்க்கை விட்டேன்.
உறுதியா என்று திரை கேட்டது.
உறுதியாக இருந்தால்
இந்த நேரத்தில் உன்னிடம் எனக்கென்ன பேச்சு?
அடுத்தது வூஸ்டர்.
விரல் போய்ப் போய்த் திரும்பியது.

போன வருடம் அவர்களுடைய காத்திருப்போர் பட்டியலில்
ஜூலை கடைசிவரை இருந்தேன்.
ரொட்டிப் பையில் போனைச் சுற்றி
குளியலறைக்குக் கொண்டுபோவேன்.
நுரையோடு ஒருமுறை பாய்ந்து எடுத்தேன்,
யாரோ கார் இன்ஷூரன்ஸ் விற்றார்கள்.
இப்போதும் எங்கோ ஒருத்தியின் கையில்
அந்தப் பை இருக்கும்.
நான் எழுதிய பெண்
ஒருவேளை அவளாகவே இருக்கலாம்.

தியாகம் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம்.
கடன் இல்லாத ஊரை எடுத்தேன்.
என்னைப் பற்றி
எண்ணைத் தவிர எதுவும் தெரியாத ஊரை.
அழுத்தினேன்.
பதினொன்று ஐம்பத்தி நான்கு.

"எது?"
"ஒமாஹா."
வால்டெமார் சூப் குடுவையின் மூடியை
ரொம்ப நேரம் திருகினான்.
"அங்கே கடல் இல்லையே."

சீட்டைத் திருப்பினேன்.
அடித்த கோடு
இந்தப் பக்கம்வரை அழுந்தி வந்திருந்தது,
காட் மீனின் விலைக்கும்
ஸ்காலப்பின் விலைக்கும் நடுவே.