நாற்பத்தொன்றாம் நாள்

ஓசூர் சிப்காட், மூன்றாவது ஷெட்.
ஆட்டோகிளேவுக்குள் தண்ணீர்
இருநூற்று எண்பத்தெட்டு டிகிரியில்
கொதிக்க முடியாமல் அடங்கிக் கிடக்கிறது.
தலைமேல் அவ்வளவு அழுத்தம்.

அதற்குள் ஒரு துண்டு எஃகு.
எங்கோ கடலோர உலைக்குப் போகிற குழாயின்
மாதிரி என்று அனுப்பியிருந்தார்கள்.
இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கிறோம்,
அறுந்துபோக அல்ல,
பொறுத்துக்கொள்ளும் அளவுக்கு.

பொறுத்துக்கொள்ளும் அளவில்தான் எல்லாம் நடக்கிறது.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் எஃகும் கேழ்வரகுக் கொல்லைதான்.
பாத்தி பாத்தியாக மணிகள், நடுவில் வரப்பு.
பற்றவைத்த சூட்டில்
வரப்போரத்துக் குரோமியம்
கார்பனோடு சேர்ந்து ஒதுங்கிவிட்டது.
விரிசல் வந்தால் அந்த வழியாகத்தான் வரும்,
ஒரு பாத்தியையும் மிதிக்காமல்
வரப்புமேலேயே நடந்து.

தண்ணீரில் குளோரைடு
நூறு கோடியில் ஐந்து பங்கு.
பத்தானால் அலாரம் அடிக்கும்,
தீர்த்தகிரி சார் செருப்பில்லாமல் ஓடிவருவார்.
பென்னாகரம் பக்கம் எங்கள் தெரு போர்வெல்லில் புளோரைடு
அதே நூறு கோடியில் நாலாயிரம்.
யாரும் செருப்பை விட்டு ஓடிவந்ததில்லை.

ஏழு வயதில் என் பல்லில் பழுப்பு வரிகள்.
அண்ணன் சின்னராஜுக்கு முழங்கால் உள்வாங்கியது.
தண்ணீர் என்னவோ தெளிவாகத்தான் இருந்தது;
கலங்கியிருந்தால் வடிகட்டியிருப்போம்.
பெண் பார்க்க வந்தவர்கள்
நான் சிரிக்கும்வரை காத்திருந்து போனார்கள்.

நாற்பது நாள் கோடு நேராக ஓடியது.
இன்றைக்கு விடிகாலை மூன்று பத்துக்கு
இரண்டு மைக்ரோவோல்ட் எழும்பியது.
விரிசலாக இருந்தால்
தலைமுடித் தடிமனில் பாதிகூட வராது.

தீர்த்தகிரி சாருக்குப் போன் போட்டேன்.
"ஏசி நின்னு ஓடியிருக்கும். டெம்பரேச்சர் ஆட்டம். விடும்மா."
விட்டேன்.
மூன்று நாற்பதுக்கு இன்னும் ஒன்று.
நாலே காலுக்கு, மறுபடி.
ஏசி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

தப்பாக நினைக்கக்கூடாது,
எனக்கு வந்தது பயமில்லை.
தண்ணீர் செய்வதை
அது செய்துகொண்டிருக்கும்போதே
ஒரு ஆள் உட்கார்ந்து பார்க்கிறாள்,
அதற்கு மின்சாரமும் சம்பளமும் தருகிறார்கள்.

பதிவேட்டில் 'விரிசல்' என்ற சொல்லை
நான் எழுதக்கூடாது, அது சார் வேலை.
நேரமும் எண்ணும் எழுதினேன்.
ஏசி ஓடியது என்றும் எழுதி
அடிக்கோடு போட்டேன்.

ஐந்தரை பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.
மூலையில் கேன் தண்ணீர்.
டம்ளரில் பிடித்து வாய்க்குக் கொண்டுபோய்
நிறுத்தினேன்,
பாதியைச் சோதனைக் குப்பியில் ஊற்றி
மூடிமேல் தேதி எழுதினேன்.

மீதியைக் குடித்தேன்.
தாகமாக இருந்தது.