கருமத்தம்பட்டிக்குத் தெற்கே, இருபத்தேழு மெகாஹெர்ட்ஸ்

ராத்திரி இரண்டேகாலுக்கு
தெய்வாத்தாள் அழைத்தார்.
"ஏனுங் அம்மிணி, உங்க பொட்டி
நாஞ் சொல்லாமயே மோட்டார ஓட்டுதுங்.
வாழக்காடு கொளமாக் கெடக்குது."
போனில் அவர் குரலுக்குப் பின்னால் தண்ணீர் விழும் சத்தம்.
அதற்கும் பின்னால், வேலிக்கு அந்தப் பக்கம்,
நாற்பது தறி.

பெட்டி என்னுடையதுதான்.
காட்டு மூலையில் பொத்தானை அழுத்தினால்
அரை மைல் தள்ளிக் கிணற்றடியில்
ஸ்டார்ட்டர் பிடிக்க வேண்டும்.
வேறு எதற்கும் பிடிக்கக் கூடாது.

வடிகட்டிக்கு மட்டும் ஆறு வாரம் கொடுத்தேன்.
மஞ்சள் வளையத்தில் பதினான்கு சுற்று.
பதினைந்தாவது வேண்டுமா வேண்டாமா என்று
ஒரு வெள்ளிக்கிழமை முழுக்கப் போயிற்று.
பீளமேட்டில் ஒரு கல்லூரி ஆய்வகம்,
அனலைசர் நாலு மணிக்கு மேல்தான் கிடைக்கும்,
ஆறு அடித்தால் சின்னமாரப்பன் பூட்டிவிடுவார்.
திரையில் வளைவு
ஓதிமலைபோலச் செங்குத்தாக ஏறிச்
செங்குத்தாக இறங்கியது.
உச்சியில் மட்டும் சின்னச் சின்ன அலை,
அதை மன்னித்தேன்.
"கத்தியாட்ட இருக்குதுங்" என்றார் சின்னமாரப்பன்
சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே.

மூடி போட்டதும்
மையம் இருநூறு கிலோஹெர்ட்ஸ் நகர்ந்துவிட்டது.
இரும்புத் திருப்புளி கிட்டே வந்தாலே
விலகிப்போகும், அத்தனை ரோஷம்.
மூடியில் துளையிட்டு
உடைந்த சீப்பின் பல்லைச் சீவி
ட்ரிம்மரை மயிரளவு மயிரளவாகத் திருப்பி
மறுபடி இழுத்து வந்தேன்.
பக்கத்து அலைவரிசை எதுவும் உள்ளே வராது
என்று ரிப்போர்ட்டில் எழுதிக்
கையெழுத்தும் போட்டேன்.

ஸ்கோப்பைத் துண்டில் சுற்றி மடியில் வைத்து
முதல் பஸ்ஸில் போனேன்.
தெய்வாத்தாள் காபி கொடுத்தார், திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.
பம்ப் ரூம் படியில் உட்கார்ந்து
ப்ரோபை மாட்டினேன்.

தறிக்கூடத்தில் ஒரு மோட்டார் நின்றது,
மீண்டும் கிளம்பியது.
சுவிட்ச் தொடும் இடத்தில் ஒரு பொறி.
பொறிக்கென்று ஒரு அலைவரிசை கிடையாது,
எல்லாமே அதற்குள் கொஞ்சம் கொஞ்சம்.
மைக்ரோ செகண்டுக்கும் குறைவான நேரம்
என் வடிகட்டியைத் தட்டியது,
தட்டிவிட்டுப் போயேபோய்விட்டது.
வடிகட்டி ஓயவில்லை.
நாக்கு விலகிய பிறகும்
மணியின் வெண்கலம் விடாமல் பேசுவதுபோல
இருபத்தேழில், சரியாக இருபத்தேழில்,
தானாகவே முனகிக்கொண்டிருந்தது.
பொத்தானை யாரோ அழுத்திவிட்டார்கள் என்று
அடுத்த சர்க்யூட் நம்பிவிட்டது.
வெளியிலிருந்து யாரும் வரவில்லை.
உள்ளே கேட்டது
நான் சுற்றிவைத்த குரல்.

எவ்வளவு குறுக்குகிறோமோ
அவ்வளவு நேரம் அதிரும்.
மூன்றாம் வருடப் பரீட்சையில் பதின்மூன்று மார்க் கேள்வி.
முழு மார்க்கும் வாங்கியவள் நான்.

"தறிக்காரங்ககிட்டச் சண்டைக்குப் போகட்டுங்களா?"
"வேண்டாங்க."
"அப்ப ஆரு மேலதான் தப்பு?"
சால்டரிங் அயர்ன் சூடாகிறதா என்று
பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

நடுவில் இணைக்கும் கெப்பாசிட்டரைப் பெரிதாக்கினேன்.
இரண்டு முனையிலும் ஒவ்வொரு ரெசிஸ்டர்;
காசு கொடுத்து வாங்கிய சிக்னலில் கொஞ்சத்தை
வேண்டுமென்றே சூடாக்கி வீணடிப்பது,
அது கைக்கு வர நேரமாயிற்று.
மலை கரைந்து
வரப்புச் சரிவு அளவுக்கு வந்தது.
சின்னமாரப்பன் பார்த்தால் சிரிப்பார்.
பொறி தட்டியது.
வடிகட்டி ஒருமுறை, இரண்டுமுறை குலுங்கி
அடங்கிவிட்டது.
கூடவே, கேட்கவே கூடாத ஏதோ ஒன்று
பக்கத்திலிருந்து லேசாக உள்ளே கசிந்தது.
கசியட்டும், ஸ்டார்ட்டரைத் தூக்கும் பலம் அதற்கில்லை.

தெய்வாத்தாள் காட்டு மூலைக்கு நடந்து போய்
அங்கிருந்து கையை உயர்த்தினார்.
ஸ்டார்ட்டர் பிடித்தது. விட்டது. பிடித்தது.
இடையில் நாற்பது தறியும் ஓடின,
தண்ணீர் சொன்னால் மட்டும் வந்தது.

பஸ்ஸில் ரிப்போர்ட்டை எடுத்தேன்.
'எதுவும்' என்பதை அடித்தேன்,
'வராது' என்பதையும்.
வாக்கியத்தில் பிறகு ஒன்றும் மிச்சமில்லை.

வாழைக்குள் நின்ற தண்ணீர்
வடிய இரண்டு நாளானதாம்.