பூஜ்யத் தேதி

சனி இரவு பதினொன்றுக்கு நிறுத்துகிறேன்.
ஞாயிறு இங்கே யாரும் வலை இறக்குவதில்லை,
ஏலக்கூடத்தில் நாய்கள் மட்டும்.
பழைய பதிப்பு இறங்கவும் புதியது ஏறவும்
தேங்காய்ப்பட்டணத்தில் இதைவிட நல்ல நேரம் கிடையாது.

மாற்றங்களின் பட்டியல் நாற்பத்தொரு பக்கம்.
அச்செடுத்துவிட்டேன். திரையில் படித்தால்
எதையும் நான் நம்புவதில்லை.

முதலாவது: கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் பழைய முறை
இனிமேல் தானாக இயங்காது.
பென்சிலால் ஒரு கோடு. சரி.

அடுத்தது எழுத்து வகை.
யாரும் சொல்லாமலே இனி அதற்குத் தமிழ் தெரியுமாம்.
கேட்கச் சந்தோஷம்தான்.
எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவர்
தட்டிவைத்த பெயர்கள் எல்லாம்
கேள்விக்குறிகளாக நிற்கின்றன:
????????? மகன் ????????, சின்னத்துறை.
கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி.
ஒன்பது என்றால் வியாகுலம்,
எட்டு என்றால் பனியடிமை,
அப்படித்தான் இத்தனை நாள் ஓட்டினேன்.

காத்திருப்பு நேரம்:
எட்டு மணியிலிருந்து பத்து நிமிடம்.
அதற்குமேல் பதில் வராத இணைப்பு அறுக்கப்படும்.
போனால் நாற்பது நாள் ஆழ்கடலில் கிடக்கும் ஊர் இது.
பழைய எண்ணையே திரும்ப எழுதினேன்.

பதினேழாம் பக்கத்தில் நின்றுவிட்டேன்.
பூஜ்யத் தேதிகள் இனி ஏற்கப்படா,
மேம்படுத்தும் முன் திருத்திக்கொள்க.

தேடச் சொன்னேன். பதினோரு வரிசைகள்.
படகு, பதிவெண், டீசல், ஐஸ், கிளம்பிய நாள்
எல்லாம் ஒழுங்காக, எல்லாம் ஒரே வாரத்தில்.
கரையடைந்த நாள்:
பூஜ்யம் வருடம், பூஜ்யம் மாதம், பூஜ்யம் தேதி.
அது தேதியே அல்ல என்று
மென்பொருளுக்கு இப்போதுதான் உறைத்திருக்கிறது.

செயலாளர் ததேயு அண்ணனைக் கூப்பிட்டேன்.
“சர்டிபிகேட்டுல உள்ள தேதியப் போட்டுட்டுப் படு மக்ளே.”

சர்டிபிகேட் தேதி கலெக்டர் ஆபீஸ் தேதி.
அதைப் போட்டால்
பதினோரு படகும் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம்
நாகர்கோவிலில் கரையேறியதாக ஆகும்.

லில்லிபாய் அக்கா அந்தத் தாளை இன்னும் வாங்கவில்லை.
மாதம் ஒருமுறை வருவாள்,
மீன் வாடையுள்ள பையைக் கவுண்டரில் வைத்து
“கம்ப்யூட்டர்ல வல்லதும் மாறிச்சா?” என்பாள்.
இல்லை என்பேன்.
ஏழு வருடமாக அது பொய்யில்லை.

மிச்சம் இருப்பது ஒரே வழி.
பூஜ்யம் அல்ல, காலியிடமும் அல்ல,
தெரியாது என்பதற்கு அவர்கள் வைத்த சொல்: நல்.
தமிழில் எழுதிப் பார்த்தேன்.
கோயில் வளைவில் இருக்கும் நல்வரவில்
வரவை மட்டும் எடுத்துவிட்டால்
மிஞ்சுவது.

நல்லும் நல்லும் ஒன்றா என்று கேட்டால்
ஆம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது.
ஒரு படகின் தெரியாமை
இன்னொரு படகுக்குச் செல்லாது.

ஆனால் மாத அறிக்கை தேதி பார்த்துத் தேடுவது.
நல் அதில் சிக்காமல் நழுவிவிடும்.
திரும்பாதவற்றையும் சேர் என்று
தனியாக ஒரு வரி எழுதவேண்டியிருந்தது.
ஒரு அரைப்புள்ளியை விட்டுவிட்டு
இரண்டுமுறை ஏச்சு வாங்கினேன்.

மூன்று ஐம்பதுக்குக் கரண்ட் போய் வந்தது.
யுபிஎஸ் கத்தி அடங்கியது. ஜன்னல் கம்பியில்
உப்பு ஈரம்.
நான்கு இருபது. பிழை இல்லை, எச்சரிக்கை இல்லை.
பதினோரு வரிசையும் அதனதன் இடத்தில்.
ஃபிளாஸ்கில் ஆறிய சாயாவைக் குடித்துவிட்டு
முதல் பூசைக்கு மணியடிக்கும்போது வீட்டுக்குப் போனேன்.

திங்கள் விடியுமுன் ஏலக்கூடத்திலிருந்து ஷிபு:
“எக்கா, பாஸ்வேர்டு எடுக்க மாட்டேங்குது.
சூரை குவிஞ்சு கிடக்கு, பில்லு போடணும்,
நீங்க வல்லதும் மாத்துனீங்களா?”

முதல் பக்கம்.
பென்சில் கோடு.