காலி இடம்

ஐஸ்க்ரீம் டப்பாவுக்குள் இருக்கிறது என் கணினி.
உள்ளங்கை அகலம், எட்டு ஜிபி கார்டு.
மட்டிக் கயிறுகள் தொங்கும் மிதவையில்
சூரியத் தகடு போடுவதைத் தின்றுகொண்டு
கடல் எத்தனை டிகிரி என்று எழுதிவைக்கும்.

ஆகஸ்டில் ஒருநாள் எழுத மறுத்தது.
இடமில்லையாம். நூற்றுக்கு நூறு.
பள்ளியில் நான் ஒருநாளும் வாங்காத மதிப்பெண்.

கழற்றிக் கரைக்குக் கொண்டுவந்தேன். மழை.
சிலோயேயில் மழையை யாரும் செய்தியாய்ச் சொல்வதில்லை.
விறகடுப்பின் மேல் காலுறைகள் ஆவிவிட,
பழைய டிவியைத் திரையாக்கி உட்கார்ந்தேன்.

முதலில் விளையாட்டுகள்.
மிதவையில் யார் ஆடப்போகிறார்கள், கடற்சிங்கமா?
பிறகு படம் வரையும் மென்பொருள்.
நான் கூப்பிட்டது அதை மட்டும்தான்.
பதினேழு உறவினரோடு வந்து இறங்கியிருந்தது;
இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிற கூட்டம்.
அதை அனுப்பினாலும் இவர்கள் எழுந்திருக்கவில்லை.
தனியே ஒரு கட்டளை:
யாருக்கும் வேண்டாதவர்கள் எல்லாரும் கிளம்புங்கள்.

நிறுவி முடித்தபின்னும் வைத்திருந்த மூட்டைகள்,
எந்திரம் எப்போது அணைந்தது, எப்போது எழுந்தது
என்ற குறிப்புகள்.
யாருக்கு வேண்டும்? அழி.

அப்போதும் தொண்ணூற்று மூன்று.

பருமன் வாரியாக வரிசைப்படுத்தினேன்.
தலையில் ஒரே ஒரு லாக் ஃபைல், ஒரு ஜிபிக்கு மேல்.
திறந்தால் ஒரே வாக்கியம்:
மூன்றாவது சென்சாரைக் காணவில்லை
மூன்றாவது சென்சாரைக் காணவில்லை
நொடிக்கு ஒருமுறை, ஏறத்தாழ ஒரு கோடி முறை.
அது அழுதுகொண்டிருந்தது,
நான் டிகிரிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் ஒன்பதாம் தேதிப் புயலில்
மூன்றாம் வரிசைக் கயிறு அறுந்து
சென்சாரோடு இரண்டு டன் மட்டி போனது.
பௌதிலியோவின் படகு விசிறிதான் என்றேன் நான்.
"பன்னிரண்டுக்கே படகைக் கட்டிட்டேன்.
உன் கயிறு இத்துப்போச்சு, எர்சிரா" என்றான் அவன்.
அன்றிலிருந்து இறங்குதுறையில்
எங்களுக்குள் பேச்சு வானிலை மட்டும்.

முதல் வரிக்கு ஏறினேன்.
மார்ச் 9, இரவு 11:40.

காலுறை கருகும் வாசனை வந்தது. எழவில்லை.
இருபது நிமிடம்.
ஐந்து மாதமாய் நான் தேடிய இருபது நிமிடம்.

ஜாக்கெட்டில் ஒரு கை நுழைத்தபோதுதான் நினைவு வந்தது,
இந்தப் பலகைக்குச் சொந்தக் கடிகாரம் கிடையாது.
பேட்டரி தீர்ந்து அணைந்து எழுந்தால்
கடைசியாய் நினைவிருந்த நேரத்திலிருந்து
எண்ணத் தொடங்கும், சிக்னல் கிடைக்கும்வரை.
புயலில் ஏது சிக்னல்?
அது எழுதிய 11:40
உண்மையில் விடிகாலை மூன்றாகவும் இருக்கலாம்.

அன்றிரவு அது அணைந்ததா?
அந்தக் குறிப்பு இருந்தது.
அரைமணி நேரத்துக்கு முன்வரை இருந்தது.

முதல் வரியை மட்டும் தனி ஃபைலில் போட்டேன்.
மிச்சம் ஒரு கோடியையும் துடைத்தேன்.
இனிமேல் லாக் ஐந்து எம்பி தாண்டினால்
பழையதை அதுவே விழுங்கும்படி வைத்தேன்.
எழுபத்தொன்பது சதவீதம்.

மறுநாள் டப்பாவோடு துறையில் நின்றபோது
பௌதிலியோ படகிலிருந்து கத்தினான்:
"பெட்டி சரியாச்சா?"

வானிலை அல்லாத முதல் கேள்வி.

"ஆச்சு" என்றேன்.
"கொஞ்சம் இடம் கிடைச்சுது."

மிதவையில் மாட்டிய கணமே
அது மறுபடி தொடங்கியிருக்கும்,
மூன்றாவது சென்சாரைக் காணவில்லை.
புதிது வாங்கவேண்டும்.
மட்டி விற்ற பிறகு.