முதுகில் இருக்கும் பெயர்

திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார் இசக்கியப்பன் சார்.
ஆராய்ச்சியாம். ஆளுக்கு நான்கு தாள்.
பேனாவும் அவரே தந்தார்,
திருப்பிக் கேட்பேன் என்றும் சொன்னார்.
மாணவிகள் ஏன் விளையாட வருகிறார்கள்?
ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஐந்து வட்டம்,
ஒன்றைக் கறுப்பாக்க வேண்டும்.

உடல் எடையைக் குறைக்க.
ரெஜிலா என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துச் சிரித்தாள்.
வெற்றி தரும் மகிழ்ச்சிக்காக.
ஹேண்ட்பாலில் எங்கள் கல்லூரி கடைசியாக வென்றபோது
நான் பிளஸ் ஒன்.
வேலைவாய்ப்பில் முன்னுரிமைக்காக.
இதற்கு மட்டும் எல்லாரும் குனிந்து
அழுத்தி அழுத்தித் தீட்டினோம்.

வாரத்தில் எத்தனை நாள் என்று ஒரு கட்டம்.
மழை இல்லாத நாள் என்று எழுதினேன்.
மார்த்தாண்டத்தில் அது ஓர் எண் அல்ல.
மழை என்றால் ரப்பரில் பால்வெட்டு கிடையாது.
மைதானச் செம்மண்ணில் கால் நிற்காது,
பயிற்சியும் கிடையாது.
அன்றைக்கு நான் சும்மா ஓர் ஆள்.

மற்ற நாளில் விடியுமுன் அப்பாவோடு
ஒட்டுப்பால் உரித்து,
சிரட்டைகளில் பால் எடுத்து ஊற்றிவிட்டு
ஓடினால் விலங்கியல் வகுப்பு.
எந்தச் சோப்புக்கும் போகாத பிசுக்கு,
நோட்டுத் தாள் விரலோடு வரும்.
முதல் வருடம், ஆள் குறைந்த ஒரு மாலை
பி.டி. மிஸ் பந்தை என்மேல் எறிந்தார்.
நழுவவில்லை.
"எட்டி, உனக்க கையில என்ன பசையா?"
சேர்த்துக்கொண்டார்.

சட்டை புதிதில்லை. எட்டாம் எண்,
முதுகில் ஷைனி.
குவைத்தில் இருக்கிறாள் என்கிறார்கள்,
இல்லை, கருங்கல்லில் கடை வைத்திருக்கிறாள் என்கிறார்கள்.
நாகர்கோவில் போட்டியில்
கடைசி ஆறு நிமிடம் என்னை இறக்கினார்கள்.
எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருத்தி கத்தினாள்:
"ஷைனிய விடாதே! ஷைனிய மறி!"
மூன்று பேர் வந்தார்கள் என்னை மறிக்க.
அதுவரைக்கும் என்னை மறிக்க
ஒருவரும் மெனக்கெட்டதில்லை.
எறிந்தேன். கம்பத்தில் பட்டுத் திரும்பியது.
பதினொரு கோல் வித்தியாசத்தில் தோற்றோம்.
பஸ்ஸில் வரும் வழியெல்லாம்
என் தோளில் அந்த மூன்று பேரின் முழங்கை
வலித்துக்கொண்டே இருந்தது, நன்றாக இருந்தது.

இருபத்தேழாம் கேள்விவரை தேடினேன்,
இதற்கு வட்டம் இல்லை.
"முடிஞ்சிட்டாம்மா?" என்றார் இசக்கியப்பன் சார்.
கருங்கல் பஸ்ஸின் ஹாரன் ரோட்டில் கேட்டது.
கடைசித் தாளின் அடியில்
பெயர், விரும்பினால் மட்டும்.
ஷை என்று தொடங்கி, அடித்து,
சுபிஜா என்று எழுதி நீட்டினேன்.
மூலையில் என் பெருவிரல் ரேகை
அழுக்காய் விழுந்திருந்தது.

பஸ் குழித்துறைப் பாலம் ஏறியபோதுதான் பார்த்தேன்,
அவருடைய பேனா
கையிலேயே இருந்தது.